சொல்லும் படமும் வேலையைப் பங்கிட்டுக்கொள்ளும் விதம்: ஒரு பக்கப் படக்கதையை உருவாக்கும் முறை

படக்கதை செய்யப் புதிதாக முனைபவர்களில் பலர், ஒரு சிறுகதையை எழுதி முடித்துவிட்டு அதற்குப் படம் போட்டால் படக்கதை ஆகிவிடும் என்று எண்ணுகிறார்கள். அப்படிச் செய்தால் கிடைப்பது படம் போட்ட சிறுகதைதான். காமிக்ஸ் என்றும் சித்திரக்கதை என்றும் நாம் அழைக்கும் வடிவத்தில் கதையின் ஒரு பங்கைச் சொல் சுமக்கிறது. இன்னொரு பங்கைப் படம் சுமக்கிறது. மீதியை, கட்டங்களுக்கு (ஒவ்வொரு படத்தையும் அடைக்கும் சட்டங்களுக்கு) நடுவே விடப்படும் வெற்றிடத்தில் வாசகர் தாமே இட்டு நிரப்பிக்கொள்கிறார். எந்த வேலையை யாரிடம் ஒப்படைப்பது என்று முடிவு செய்வதுதான் இதில் முதல் வேலை. வரையும் திறமை அதற்கு அடுத்தபடியாகத்தான் வருகிறது. வேலையைச் சரியாகப் பிரித்துக் கொடுத்துவிட்டால் குச்சி உருவங்களை வைத்துக்கூட ஒரு நல்ல பக்கத்தைச் செய்துவிடலாம். பிரிக்கத் தெரியாவிட்டால் எவ்வளவு அழகாக வரைந்தாலும் பக்கம் அசையாது.

இதை முதலில் தெளிவாக உணர்ந்து எழுதியவர்களில் ஒருவர், ஜெனீவாவில் பள்ளி நடத்திக்கொண்டே படக்கதைகளை வரைந்த ரொடால்ஃப் டாப்ஃபர். பாத்திரத்தின் பேச்சைப் படத்துக்குள்ளேயே அடைக்கும் பேச்சுக் குமிழ் பரவலாவதற்கு வெகுகாலம் முன்பே, 1830-களில், கட்டத்துக்குக் கீழே கையால் எழுதிய வரிகளுடன் அவர் நூல்களை வெளியிட்டார். எழுத்து இல்லாவிட்டால் தம் படங்களுக்கு மங்கலான பொருளே இருக்கும் என்றும், படங்கள் இல்லாவிட்டால் எழுத்துக்கு எந்தப் பொருளும் இராது என்றும் தம் நூலைப் பற்றி 1837-இல் அவர் குறிப்பிட்டார். இதையே ஒரு சோதனையாக இன்றும் பயன்படுத்தலாம். முடித்த பக்கத்தில் சொற்களை மறைத்துவிட்டுப் படங்களை மட்டும் பாருங்கள். பிறகு படங்களை மறைத்துவிட்டுச் சொற்களை மட்டும் படியுங்கள். இரண்டில் ஏதாவது ஒன்று தனியாகவே முழுக்கதையையும் சொல்லிவிட்டால், மற்றொன்று அந்தப் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருக்கிறது என்று பொருள்.

ஒரு கடிகாரமும் ஒரு திருப்புளியும்

விதியாகச் சொல்வதைவிட ஒரு பக்கத்தைச் செய்து பார்ப்பதே நல்லது. கதை மிகச் சிறியது. ஒரு சிறுவன் சுவர்க் கடிகாரத்தைக் கழற்றிப் பார்க்கிறான், அவசரமாக மாட்டுகிறான், கடிகாரம் ஓடவில்லை, அம்மா வருகிறாள், அவன் பொய் சொல்கிறான், பிடிபடுகிறான். இதைப் பழக்கமில்லாதவர் ஒருவர் எழுதினால் முக்கியமான கட்டம் பெரும்பாலும் இப்படி அமையும். படத்தில், சிறுவன் திருப்புளியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு நிற்கிறான். மேலே உள்ள விவரணைப் பெட்டியில், ‘சிறுவன் திருப்புளியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான்’ என்று இருக்கிறது. எண்ணக் குமிழில், ‘ஐயோ, திருப்புளியை அம்மா பார்த்துவிட்டால் என்ன செய்வது!’ என்று இருக்கிறது. ஒரே செய்தி மூன்று முறை வந்துவிட்டது. வாசகருக்குக் கண்டுபிடிக்க ஒன்றும் மிச்சமில்லை. ஆகவே சிரிக்கவும் ஒன்றுமில்லை.

இப்போது வேலையைப் பிரிப்போம். ஆறு கட்டங்கள் போதும். முதல் கட்டத்தில் மேசைமேல் கடிகாரம் வயிறு திறந்து கிடக்கிறது. பல்சக்கரங்களும் திருகாணிகளும் சிதறியிருக்கின்றன. ஒரு சுருள்வில் மேசை விளிம்புக்கு அருகே உருண்டிருக்கிறது. சொல் எதுவும் இல்லை. இரண்டாம் கட்டத்தில் சிறுவனின் கண்கள் மட்டும், பக்கவாட்டில் திரும்பியபடி. கட்டத்தின் ஓரத்தில் ‘சரக் சரக்’ என்று செருப்புச் சத்தம். மூன்றாம் கட்டத்தில் கடிகாரம் சுவரில் சற்றுக் கோணலாகத் தொங்குகிறது. இடப்பக்கம் வாசலில் அம்மா, வலப்பக்கம் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு சிறுவன். அம்மா கேட்கிறாள்: “மணி என்னடா ஆச்சு?” நான்காம் கட்டத்தில் அதே காட்சி, அதே கோணம். சிறுவன் சொல்கிறான்: “தெரியலைம்மா. கடிகாரம் தானா நின்னு போச்சு.” ஐந்தாம் கட்டம் அவன் முதுகுப்புறத்திலிருந்து: இறுகப் பிடித்த கைகள், ஒன்றில் திருப்புளி, மற்றொன்றின் விரலிடுக்கில் ஒரு சிறு பல்சக்கரம். சொல் இல்லை. ஆறாம் கட்டத்தில் அம்மாவின் முகம்கூட இல்லை; நீட்டிய உள்ளங்கையும், அவள் காலருகே தரையில் கிடக்கும் அந்தச் சுருள்வில்லும் மட்டும்.

இதில் பேச்சுச் சொற்கள் மொத்தம் பத்துக்கும் குறைவு. அந்தச் சொற்களும் உண்மையைச் சொல்லவில்லை. ‘தானா நின்னு போச்சு’ என்பது பொய். உண்மையைச் சொல்வது படத்தின் வேலையாகிவிட்டது. சொல் ஒன்றைச் சொல்ல, படம் அதை மறுக்கும்போது, இரண்டுக்கும் நடுவே நின்று தீர்ப்புச் சொல்பவர் வாசகர் ஆகிறார். நாவலில் இதைச் செய்ய ‘என்று பொய் சொன்னான்’ என எழுத்தாளர் குறுக்கிட வேண்டியிருக்கும். படக்கதையில் யாரும் குறுக்கிடத் தேவையில்லை.

திருப்புளியை எந்தக் கட்டத்தில் காட்டுவது என்பதையும் யோசிக்க வேண்டும். மூன்றாம் கட்டத்திலேயே அது வாசகருக்குத் தெரியும்படி வரைந்தால், அம்மாவுக்குத் தெரியாத ஒன்று வாசகருக்குத் தெரிந்துவிடுகிறது. அடுத்த கட்டங்களில் எப்போது மாட்டிக்கொள்வானோ என்ற பதைப்பு எழும். ஐந்தாம் கட்டம்வரை ஒளித்து வைத்தால், பதைப்புக்குப் பதிலாகத் திடீர்ச் சிரிப்பு கிடைக்கும். இரண்டும் நல்ல வழிகளே. நான் இரண்டாவதைத் தேர்ந்ததற்குக் காரணம், ஒரே பக்கத்துக்குள் பதைப்பை வளர்க்க இடம் போதாது என்பதுதான். நான்கு பக்கக் கதையாக இருந்தால் முதலாவதையே தேர்ந்திருப்பேன்.

கட்டங்களுக்கு நடுவே

இரண்டாம் கட்டத்துக்கும் மூன்றாம் கட்டத்துக்கும் நடுவில் என்ன நடந்தது? சிறுவன் பாகங்களை அள்ளித் திணித்து, கண்ணாடியை மூடி, நாற்காலியில் ஏறி, கடிகாரத்தை ஆணியில் மாட்டிவிட்டுக் குதித்து இறங்கினான். இதில் ஒன்றைக்கூட நாம் வரையவில்லை. ஆனால் படித்தவர் எவரும் ‘கடிகாரம் எப்படிச் சுவருக்குப் போனது?’ என்று கேட்கமாட்டார். இரு கட்டங்களைப் பிரிக்கும் அந்த மெல்லிய வெள்ளைப் பட்டையில் அத்தனையும் நடந்து முடிந்துவிட்டது. கோணலாகத் தொங்கும் கடிகாரம் என்ற ஒரே தடயத்தை வைத்து வாசகர் முழு அவசரத்தையும் கற்பனை செய்துகொள்கிறார்.

அமெரிக்க ஓவியர் ஸ்காட் மெக்லவுட், படக்கதையின் இயங்குமுறை பற்றி 1993-இல் வெளியிட்ட நூலில், ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்குத் தாவும் வழிகளை ஆறாகப் பிரித்தார். கணத்திலிருந்து கணம், செயலிலிருந்து செயல், ஒருவரிடமிருந்து இன்னொருவர், காட்சியிலிருந்து காட்சி, ஒரே இடத்தின் வெவ்வேறு கூறுகள், ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத தாவல் என்பவையே அவை. இதை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. பயன்படும் முறை வேறு: உங்கள் வரைவைப் பார்த்து ஒவ்வோர் இடைவெளியிலும் எவ்வளவு நேரம் கடந்திருக்கிறது என்று பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். ‘1 நொடி, 1 நொடி, 1 நொடி’ என்றே வந்தால் பக்கம் இழுக்கும். ‘3 மணி நேரம், 2 நாள், 5 ஆண்டு’ என்றே வந்தால் கதைச் சுருக்கம் படிப்பது போல இருக்கும். நம் கடிகாரப் பக்கத்தில் இரண்டு நொடி, ஐந்து நிமிடம், ஒரு நொடி, அரை நொடி, இரண்டு நொடி என்று வருகிறது. பெரிய தாவல் ஒன்றுதான். மற்றவை பேச்சின் வேகத்திலேயே போகின்றன.

நேரத்தை நீட்ட வேண்டிய இடங்களும் உண்டு. 1955-இல் வெளியான ஒரு கதை, ஓவியர் பெர்னார்ட் கிரிக்ஸ்டைனுக்கு ஆறு பக்கங்களுக்கு அமைக்கப்பட்டுத் தரப்பட்டபோது, அதில் நேரம் நெரிபடுகிறது என்று கருதி, கூடுதல் பக்கம் கேட்டு வாங்கி எட்டுப் பக்கமாக வரைந்தார். சுரங்க ரயில் நிலையத்தில் ஒருவன் தண்டவாளத்தை நோக்கி விழும் சில நொடிகளை ஒடுங்கிய நெட்டுக்குத்தான கட்டங்களாக நறுக்கிக் காட்டினார். கட்டம் ஒடுங்கினால் கண் வேகமாகக் கடக்கும். ஆனால் எண்ணிக்கை கூடும்போது அந்த நொடி முடியாமல் நீண்டுகொண்டே போகும். இந்த முரணை அறிந்துகொண்டால் ஒரு பக்கத்தின் தாளம் கைக்கு வந்துவிடும்.

தொடங்குபவர்களுக்கு என் ஆலோசனை, சமமான கட்டங்களை வைத்துக்கொண்டு பழகுவதுதான். சாய்ந்த கோடுகள், ஒன்றன்மேல் ஒன்று ஏறும் கட்டங்கள், எல்லையே இல்லாத படங்கள் எல்லாம் பார்க்கக் கவர்ச்சியாக இருக்கும். கதை தடுமாறும்போது அதை மறைக்கும் திரையாகவும் அவை மிக எளிதில் மாறிவிடும். 1986–87-இல் 12 இதழ்களாக வந்த ‘வாட்ச்மென்’ தொடரில் எழுத்தாளர் ஆலன் மூரும் ஓவியர் டேவ் கிப்பன்ஸும் பெரும்பாலும் மூன்றுக்கு மூன்று என்ற ஒன்பது கட்ட அமைப்பையே பிடித்துக்கொண்டார்கள். மற்றக் கட்டங்கள் ஒரே அளவில் இருப்பதால், எப்போதாவது ஒரு கட்டம் பெரிதாகும்போது அதற்குப் பலம் வருகிறது. எல்லாக் கட்டமும் பெரிதாகக் கத்தினால் எதுவும் கத்தவில்லை என்றே ஆகும்.

அச்சுப் புத்தகத்துக்குச் செய்பவர் பக்கம் புரட்டப்படும் இடத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். வலப்பக்கத் தாளின் கடைசிக் கட்டம் கேள்வி எழுப்பும் இடம். புரட்டியதும் வரும் முதல் கட்டம் பதில் சொல்லும் இடம். பதிலை எதிர்ப்பக்கத்தில் வைத்துவிட்டால், கேள்வியைப் படிக்கும் முன்பே ஓரக்கண் அதைப் பார்த்துவிடும். கைபேசியில் மேலிருந்து கீழாகத் தள்ளிப் படிக்கும் வடிவத்தில் புரட்டல் கிடையாது. அங்கே கட்டங்களுக்கு நடுவே விடும் வெற்றிடத்தின் உயரமே நேரத்தின் அளவாகிறது.

குமிழுக்குள் தமிழ்

இந்தப் பகுதியில் சற்று நிற்க வேண்டியிருக்கிறது; ஏனெனில் பிறமொழிக் கையேடுகள் தரும் அளவுகள் தமிழுக்கு அப்படியே பொருந்துவதில்லை. ஒரு கட்டத்தில் 35 சொற்களுக்கு மேல் வேண்டாம், ஒரு குமிழில் 25 சொற்களுக்கு மேல் வேண்டாம் என்ற ஒரு பழைய பதிப்பாசிரியர் கணக்கை ஆலன் மூர் எடுத்துச் சொல்லியிருக்கிறார். அது ஆங்கிலச் சொற்களுக்கான கணக்கு. ‘வந்துகொண்டிருக்கிறான்’ என்பது நமக்கு ஒரே சொல். ஆனால் அது ஒரு சின்னக் குமிழின் அகலத்தைத் தனியாகவே அடைத்துக்கொள்ளும். என் அனுபவத்தில் தமிழில் ஒரு குமிழுக்குப் பன்னிரண்டு சொற்களைத் தாண்டினாலே படம் மூச்சுத் திணறத் தொடங்கிவிடுகிறது.

குமிழின் வடிவம் நடுவில் அகலமும் மேலும் கீழும் குறுக்கமுமாக இருப்பதால், நீண்ட சொல்லை நடுவரியில் வைத்து, குறுகிய சொற்களை முதல் வரிக்கும் கடைசி வரிக்கும் கொடுக்க வேண்டும். சொல்லை உடைத்தே ஆக வேண்டும் என்றால் ‘வந்து / கொண்டிருக்கிறான்’ என்று பொருள் இணையும் இடத்தில் உடைக்கலாம். ‘வந்துகொண் / டிருக்கிறான்’ என்று உடைத்தால் வாசகர் ஒரு நொடி தடுக்கி விழுவார். கொம்பும் காலும் தம் எழுத்தை விட்டுத் தனித்து அடுத்த வரிக்குப் போய்விடாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். சில வரைகலை மென்பொருள்களில், இந்திய எழுத்துகளுக்கான அமைப்பை இயக்காமல் ஒட்டினால் ‘கொ’ என்பதன் கொம்பு இடம் மாறி நிற்கும். அச்சுக்குப் போகும் முன் ஒவ்வொரு குமிழையும் எழுத்தெழுத்தாகப் பார்ப்பது நல்லது. ‘கீ’யின் சுழி மேலே ஏறுவதும் ‘கூ’வின் சுழி கீழே இறங்குவதுமாக இருப்பதால், வரிகளுக்கு நடுவேயும் தாராளமாக இடம் விட வேண்டும்.

தமிழில் நமக்குக் கிடைக்கும் வசதிகளும் உண்டு. ஆங்கிலக் காமிக்ஸில் அழுத்தம் தருவதற்குச் சில சொற்களைத் தடித்த எழுத்தில் போடுவார்கள். நமக்கு ‘தான்’ என்றும் ‘ஏ’ என்றும் அழுத்தம் மொழிக்குள்ளேயே இருக்கிறது. ‘நீதான் எடுத்தே’ என்று எழுதிவிட்டால் எந்தச் சொல்லையும் தடிப்பாக்கத் தேவையில்லை. அதேபோல், எழுத்துத் தமிழும் பேச்சுத் தமிழும் இரண்டாகப் பிரிந்திருப்பது படக்கதைக்காரருக்குப் பெரிய வரம். விவரணைப் பெட்டியில் எழுத்துத் தமிழையும் குமிழில் பேச்சுத் தமிழையும் வைத்தால், யார் குரல் எது என்று விளக்காமலே வாசகர் காதில் வேறுபாடு விழுந்துவிடும். சிறுவன் ‘கடிகாரம் தானாகவே நின்றுவிட்டது, அம்மா’ என்று சொன்னால் அவன் மேடையில் நிற்கிறான். ‘தானா நின்னு போச்சு’ என்றால்தான் வீட்டில் நிற்கிறான்.

ஒலிச்சொற்களிலும் அப்படித்தான். ‘சரக் சரக்’, ‘டொக்’, ‘பளார்’, ‘டமால்’ போன்ற ஒலிக்குறிப்புகளும் ‘சடசட’, ‘சலசல’, ‘தடதட’ போன்ற இரட்டைக்கிளவிகளும் தமிழில் ஏராளம். கடன் வாங்க வேண்டிய அவசியமே இல்லை. ஆனால் படம் ஏற்கெனவே காட்டிவிட்ட ஒன்றுக்கு ஒலி எழுதுவது பெரும்பாலும் வீண். நம் இரண்டாம் கட்டத்தில் செருப்புச் சத்தம் இடம்பெற்றது, செருப்பு படத்தில் இல்லாததால்தான். அது கட்டத்துக்கு வெளியே ஒரு ஆள் இருப்பதைச் சொல்கிறது. எழுத்து சிறிதாக இருந்தால் அம்மா தொலைவில் வருகிறாள். பெரிதாக இருந்தால் வாசலுக்கே வந்துவிட்டாள். ஒலிச்சொல்லை எழுத்துருவில் தட்டச்சு செய்யாமல் கையால் வரைவதே நல்லது. அது பாதி படம்.

குமிழ்களின் வரிசையைப் பொறுத்தவரை, இடமிருந்து வலமாகவும் மேலிருந்து கீழாகவும் கண் போகும் என்பதை மறக்காமலிருந்தால் போதும். மூன்றாம் கட்டத்தில் அம்மாவை இடப்பக்கம் நிறுத்தியதற்குக் காரணமே, முதலில் பேசுபவள் அவள் என்பதுதான். அவளை வலப்பக்கம் நிறுத்தியிருந்தால், அதே கட்டத்தில் சிறுவனும் பேச நேரும்போது அவன் பதில் அவள் கேள்விக்கு முன்னால் படிக்கப்பட்டுவிடும். குமிழின் வால் பேசுபவரின் வாயை நோக்கி இருக்க வேண்டும். காலையோ கதவையோ நோக்கிப் போகக் கூடாது. வலமிருந்து இடமாகப் படிக்கப்படும் ஜப்பானிய மங்காவைப் பார்த்துப் பழகுபவர்கள் இந்த இடத்தில் கவனமாக இருக்க வேண்டும். அதன் கட்ட அமைப்பை அப்படியே எடுத்துத் தமிழ்ப் பக்கத்தில் வைத்தால் காட்சியின் ஓட்டம் தலைகீழாகிவிடும்.

கையை வைக்கும் முன்

பெரிய தாளில் நேரடியாக வரையத் தொடங்காதீர்கள். தீப்பெட்டி அளவில் பக்கத்தின் சிறு மாதிரிகளை ஐந்தாறு விதமாகப் போட்டுப் பாருங்கள். ஆள் என்றால் ஒரு முட்டையும் ஒரு கோடும் போதும். முதல் மாதிரியையே பலர் பிடித்துக்கொள்கிறார்கள். பெரும்பாலும் நான்காவது மாதிரியில்தான், ஆறாம் கட்டத்தில் முகம் வேண்டாம், உள்ளங்கை போதும் என்பது போன்ற ஒன்று தோன்றும்.

மாதிரி முடிவானதும் எழுத்தை முதலில் இடுங்கள், படத்தை அதன்பின் வரையுங்கள். இதை நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். என் முதல் பக்கங்களில் ஒன்றில் படங்களையெல்லாம் மையிட்டு முடித்த பிறகு குமிழ்களுக்கு இடம் தேடினேன்; கதையின் முடிச்சே ஒரு பாத்திரத்தின் கையில் இருந்த கடிதத்தில்தான் இருந்தது; குமிழ் வைக்க மிஞ்சியிருந்த ஒரே இடமும் அந்தக் கை இருந்த மூலைதான். இரண்டு நாள் வேலையை அழித்து மீண்டும் வரைந்தேன். குமிழும் கட்டத்துக்குள் இடம் அடைத்துக்கொள்ளும் ஒரு பொருள் என்று எண்ணிக்கொண்டால் இந்தத் தவறு நேராது. மூலப்படத்தை அச்சளவைவிடப் பெரிதாக வரைவதும் வழக்கம்; அமெரிக்க மாத இதழ்களுக்கு வரைபவர்கள் நெடுங்காலமாக 10-க்கு 15 அங்குலப் பரப்பில் வரைந்து சுருக்கி அச்சிட்டு வருகிறார்கள். சுருங்கும்போது கோட்டின் நடுக்கம் மறைந்துவிடும். ஆனால் எழுத்தும் சுருங்கும் என்பதால், முடிவான அளவில் ஒரு படி எடுத்து, கையை நீட்டிப் பிடித்துப் படித்துப் பார்க்க வேண்டும்.

பென்சில் நிலையில் இருக்கும்போதே பக்கத்தை, கதையை அறியாத ஒருவரிடம் கொடுங்கள். எதையும் விளக்காதீர்கள், அவர் கேட்டாலும் பதில் சொல்லாதீர்கள். அவர் கண்ணையும் விரலையும் மட்டும் கவனியுங்கள். எந்தக் கட்டத்திலிருந்து முந்தைய கட்டத்துக்குத் திரும்பிப் போகிறார், எங்கே படத்தைப் பார்க்காமல் எழுத்தை மட்டும் ஓட்டுகிறார், எங்கே சிரிக்க வேண்டியவர் சிரிக்காமல் கடந்து போகிறார் என்று ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். நம் பக்கத்தை இப்படிக் கொடுத்தபோது, படித்தவர் ஆறாம் கட்டத்திலிருந்து முதல் கட்டத்துக்குத் திரும்பி, மேசை விளிம்பில் அந்தச் சுருள்வில் இருந்ததா என்று பார்த்தார். அங்கே நான் அதை மற்றப் பாகங்களோடு சேர்த்துக் கசகசவென்று வரைந்திருந்தேன். அதைச் சற்றுத் தள்ளித் தனியாக உருட்டிவிட்டு, பிறகுதான் மையிட்டேன்.